குளிரறைக் கதவின் தாளம்

ஆறாவது பாட்டை ஓடவிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழும்பி வந்த கிருசாந்தினி, விறாந்தையில் பாய்மேல் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் திருப்பியதைக் கண்டாள். கையில் பாதி உரித்த இறால் அப்படியே நின்றது. வெறும் திரும்பல் அல்ல அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர் திரும்புகிற திரும்பல்.

அப்பா அழகையாவுக்கு இரண்டு காதும் கேட்பதில்லை. கிருசாந்தினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் கடற்கரையில் விழுந்த ஷெல் ஒன்று, அவருடைய வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டுச் செவியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பிறகு இடி இடித்தாலும், பெருநாளுக்குக் கோயில் வாசலில் வெடி கொளுத்தினாலும், அவர் முகத்தில் ஒரு அசைவும் வராது. எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்.

“பிள்ளை,” என்றார் அவர், கேளாதவர்களுக்கு வருகிற உரத்த, ஏற்ற இறக்கமில்லாத குரலில். “ஆரோ கதவைத் தட்டுகினம்.”

அவள் போய்ப் பார்த்தாள். வேலிப் படலையில் ஒருவரும் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று மணலை வாரி வேலித் தகரத்தில் எறிந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாடையும் உப்புப் பிசுபிசுப்பும் கலந்த மத்தியான வெயில் ஒழுங்கை முழுக்க வெள்ளையாய்க் கிடந்தது. ஒரு கழுதை மட்டும் வேலியோரம் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அவளுடைய அறையில், யாரும் கேட்காமலேயே, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

தொம். தொம் தொம்.

நிலம் அதிர்ந்திருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெரிய ஸ்பீக்கர். சீமெந்துத் தரை. பாய்க்குக் கீழால் அதிர்வு ஏறியிருக்கும்.

கொழும்பில் விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கிற வேலையை விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ளவும் தன் பெயரில் ஒரு அல்பம் செய்து முடிக்கவும் அவள் மன்னாருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அல்பத்தில் பாடல்வரி கிடையாது, மெட்டும் கிடையாது. காற்றாலைகளின் கீழே நின்றால் காதுக்குள் இறங்குகிற அந்த நீண்ட முனகல், உப்பளத்தில் மண்வெட்டிகள் சுரண்டுகிற ஓசை, தலைமன்னார் ஸ்டேசனில் ரயில் நிற்கும்போது இரும்பு இரும்பைக் கடிக்கிற அலறல் எல்லாவற்றையும் பதிவுசெய்து, நீட்டி, நசுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முழுக்க முழுக்கத் தனியாகவே கட்டிய இருண்ட இசை. பக்கத்து வீட்டு எடித் அன்ரி அதைப் பாட்டென்று ஒத்துக்கொள்வதில்லை. “உங்கட தண்ணி மோட்டர் பழுதாப் போச்சுதெண்டெல்லோ நினைச்சன்,” என்று ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னாள். ஆனால் டொரொன்டோவில் இப்படிப்பட்ட இசையை மட்டும் வெளியிடுகிற யதுசனுக்கு அது பிடித்துப்போயிருந்தது. அல்பத்துக்குப் பெயர் ‘குளிரறை’.

அந்தப் பெயர் ஒரு கதவிலிருந்து வந்தது. தலைமன்னார் வீதியில் பனைகளுக்குப் பின்னால், எப்போதோ கைவிட்ட ஐஸ் தொழிற்சாலை ஒன்று கிடந்தது. கூரை போய்விட்டது. மெசின்களை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மீன் வைத்த குளிரறை மட்டும் சிதையாமல் நின்றது. அதன் இரும்புக் கதவுக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக, ஒரு இரும்புப் பட்டை துருவேறி ஒட்டிப்போயிருந்தது. ஒருநாள் அவள் இரும்பில் ஒட்டவைக்கும் சிறிய மைக்கை அந்தக் கதவில் பொருத்திவிட்டு, சுவர் நிழலில் குந்தியிருந்து ஹெட்போனை மாட்டினாள். முதலில் காற்று. பிறகு மணல். பிறகு அது. தொம். தொம் தொம். வெயிலுக்கு இரும்பு விரிகிறது என்று நினைத்தாள். மைக்கைக் கழற்றும்போது உள்ளங்கை கதவில் பட்டது. நாள் முழுக்க வெயிலில் நின்ற இரும்பு, கடையில் ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போலச் சில்லிட்டிருந்தது. அதையும் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. நல்ல ஒலி கிடைத்த சந்தோசத்தில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த ஓசையை வெட்டி, மெதுவாக்கி, முடிவும் தொடக்கமும் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஒட்டி, ஓயாமல் சுற்றுகிற சுழலாக்கினாள். அதன்மேல்தான் மற்ற எல்லாவற்றையும் ஏற்றினாள். எட்டுப் பாட்டுக்கும் முதுகெலும்பு அதுதான். ஆறாவது பாட்டில் அது மட்டும் தனியாக நின்றது.

மறுநாள் அவள் அப்பாவைக் கூட்டிவந்து அறையில் கதிரையில் இருத்தினாள். காலுக்குக் கீழே தலையணை வைத்தாள், தரை படாமல். ஸ்பீக்கரை மெத்தைமேல் தூக்கி வைத்தாள். சத்தத்தை நன்றாகக் குறைத்துப் பாட்டைப் போட்டாள்.

அப்பா கண்ணை மூடினார்.

அவருக்குப் பின்னால் போய் ஒரு சட்டியைத் தரையில் போட்டாள். அது உருண்டு கதவில் மோதிக் கிணுகிணுத்தது. அப்பா அசையவில்லை. பெயர் சொல்லிக் கத்தினாள். அசையவில்லை. பாட்டை நிறுத்தினாள்.

“ஏன் பிள்ளை நிப்பாட்டினனி?”

அவள் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாக அசைத்துக் கேட்டாள். “கேக்குதே அப்பா?”

“கேக்குது.” அவர் தன் காதைத் தொட்டார். “வேற ஒண்டும் கேக்கேல்ல. இது மட்டும் கேக்குது. நீ செய்ததோ?”

“ஓம்.”

“வடிவாயிருக்குது,” என்றார் அழகையா. கண்ணீர் வழிந்து தாடி மயிரில் நின்றது.

பயப்பட வேண்டிய இடம் அதுதான். பயமும் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் வந்தது. கொழும்பில் அவள் செய்த ஒன்றையும் அப்பா கேட்டதில்லை. சின்னவளாகக் கோயில் பாடற்குழுவில் நின்று பாடிய நாட்களிலும், முன்வரிசை வாங்கில் இருந்து அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது கேட்கிறார். எப்படி என்று கேட்டால் அது போய்விடுமோ என்று பயந்து, அவள் எப்படி என்று கேட்காமல் விட்டாள். ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவை அந்தக் கதிரையில் இருத்தி அந்தப் பாட்டைப் போட்டாள். அவர் விரலால் துடையில் தாளம் போட்டார். முகம் நாளுக்கு நாள் இளகி வந்தது. இரவில் நன்றாக நித்திரைகொண்டார்.

ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “உள்ளுக்க ஆக்கள் கதைக்கினம் என்ன?”

அவள் அந்தப் பாட்டில் குரல் எதையும் சேர்க்கவில்லை.

“என்ன கதைக்கினம் அப்பா?”

அவர் தலையைச் சரித்துக் கொஞ்சநேரம் கேட்டார். “குளிருதாம்,” என்றார், விறாந்தையில் நிற்கிற விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல.

அந்த வாரம் யதுசன் வட்ஸ்அப்பில் கூப்பிட்டான். நல்ல பொடியன், எப்போதும் பகிடிவிட்டுத்தான் தொடங்குவான். அன்று பகிடி இல்லை.

“அக்கா, ஆறாவது பாட்டைத் திருப்பி அனுப்புங்கோ. நீங்கள் அனுப்பினதில சத்தமே இல்லை.”

“குறைச்சுப் போட்டிருப்பாய். கூட்டிப் பார்.”

“கூட்டிப் பாத்திட்டன் அக்கா. வெறுமை. போன மாசம் கேக்கேக்க இருந்தது. இப்ப அதே பைலில ஒண்டும் இல்லை.”

அவள் கணினியைத் திறந்தாள். திரையில் மலையும் பள்ளமுமாக ஏறி இறங்க வேண்டிய ஒலிக்கோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நூல் கட்டி இழுத்தது போல நேராகக் கிடந்தது. கதவில் பதிந்த மூலப் பதிவைத் தேடித் திறந்தாள். அதுவும் நேர்கோடு. ஆனால் கொஞ்சம் முன்னர்தான் அப்பாவும் அவளும் அதைக் கேட்டார்கள். அவளே கேட்டாள். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி இருந்தாள்.

தொம். தொம் தொம்.

ஸ்பீக்கரிலிருந்து அல்ல. அறைக்குள்ளிருந்தும் அல்ல. வீட்டுக்குள் எங்கோ இருந்து.

அடுத்த நாள் காற்றாலைகளின் முனகல் பதிவிலிருந்து போய்விட்டது. அதற்கடுத்து உப்பள மண்வெட்டிகள். ரயிலின் அலறல். பாட்டு பாட்டாக, ஒரு வருட உழைப்பு, கணினியை விட்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. பதிவில் வெறுமையானது எதுவோ அது வீட்டில் கேட்டது. சமையலறையில் நிற்கும்போது முதுகுப்பக்கம் யாரோ உப்புச் சுரண்டினார்கள். குளிக்கப் போனால் சுவருக்கு அந்தப்பக்கம் இரும்பு இரும்பைக் கடித்தது. எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல், அந்தத் தட்டல்.

எடித் அன்ரி பாண் வாங்கிக்கொண்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

“என்ன பிள்ளை, ஏசி பூட்டினனீங்களோ?”

“இல்லை அன்ரி.”

“குளிருதெல்லோ.” அவள் தன் முழங்கையைத் தடவினாள். வெளியே தார் உருகுகிற வெயில். “இதென்ன, இந்தக் கழுதையளுக்கு உங்கட வீட்டில என்ன வேலை?”

கிருசாந்தினி எட்டிப் பார்த்தாள். வேலியைச் சுற்றி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஊர்க் கழுதைகள் நின்றன. மேயவில்லை. வாலும் ஆட்டவில்லை. எல்லா முகமும் வீட்டைப் பார்த்திருந்தது.

அவள் தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, அந்த ஐஸ் தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டாள். கோப்பை பாதி வழியில் நின்றது.

“அங்க ஏன் போனனி?”

“ரெக்கோட் பண்ண.”

“ஷெல் அடிச்ச நேரம் சனம் ஓடி அதுக்குள்ள ஒளிச்சதெண்டு ஒரு கதை இருந்தது. பிள்ளைகுட்டி, குஞ்சு குருமனெல்லாம்.” எடித் குரலைத் தாழ்த்தினாள். “ஆர் வெளியால பூட்டினது, பிறகு ஆர் திறந்தது, திறந்தவையோ இல்லையோ... ஒருத்தருக்கும் தெரியாது. கதைதான் பிள்ளை. நான் காணேல்ல.” அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு எழும்பினாள். தேத்தண்ணி அப்படியே இருந்தது. ஆறி, மேலே மெல்லிய ஒரு கண்ணாடித் தகடு கட்டியிருந்தது. கிருசாந்தினி விரலால் தொட்டாள். உடைந்தது.

அன்றைக்கே அவள் முடிவெடுத்தாள். யதுசனுக்கு, அல்பம் வராது என்று ஒரு வரி அனுப்பினாள். அவன் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. கணினியில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். பிரதிகள் சேமித்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்குகளையும் அழித்தாள். கொழும்பில் வாடகை அறையில் ஆசைப்பட்டது, இங்கே வெயிலிலும் மணலிலும் அலைந்து சேர்த்தது, எல்லாம் அழிவதைக் காட்டுகிற ஒரு நீலக் கட்டத்துக்குள் நிரம்பி நிரம்பி முடிந்துபோனது. ஸ்பீக்கர் வயர்களைப் பிடுங்கினாள். கடைசி வயரைக் கையில் பிடித்தபடி நிலத்தில் இருந்து அழுதாள்.

அப்பா வாசலில் வந்து நின்றார்.

“ஏன் பிள்ளை அழுறாய்?”

“அழிச்சிட்டன் அப்பா. எல்லாத்தையும். இனிப் பாட்டு இல்லை.”

அவள் முகத்தைக் கைக்குள் புதைத்தபடிதான் அதைச் சொன்னாள். வாயை அவர் பார்த்திருக்க முடியாது.

“பரவாயில்லை,” என்றார் அழகையா. “இனி அது தேவையில்லை.”

அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். அவருடைய குரலில் ஏற்ற இறக்கம் வந்திருந்தது என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மின்விசிறி சுற்றித் தளர்ந்து நின்றது. காற்றும் விழுந்துவிட்டது, சோழக மாதத்தில் காற்று விழுவதே இல்லை. தட்டல் மட்டும் நிற்கவில்லை. ஒன்றாக இருந்தது பலவாகியிருந்தது. பெரிய கை. சின்னக் கை. உள்ளங்கையால். முட்டியால். நகத்தால் சுரண்டுவது.

ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. அப்பாவை விட்டு எப்படி ஓடுவது? கூட்டிக்கொண்டு போவதென்றால் எதிலிருந்து கூட்டிப்போவது? எங்கே இருக்கிறது அது? ஒலியைப் பிடிப்பது அவள் தொழில். பதிவுக் கருவியில் பற்றரியைப் போட்டாள். நீட்டுகிற திசையை மட்டும் கேட்கிற நீள மைக்கை எடுத்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

படுக்கையறைச் சுவர். மைக்கை நீட்டினாள். ஒன்றும் இல்லை.

குளியலறை. ஒன்றும் இல்லை.

கூரை. பல்லி ஒன்று ஓடியது. அவ்வளவுதான்.

சமையலறைக்கு வந்தாள். மிக மெல்லிதாக, தூரத்தில். தொம். திரும்பினாள். கொஞ்சம் கூடியது. இன்னும் திரும்பினாள். கூடியது. மைக்கின் முனை விறாந்தை வாசலைப் பார்த்து நின்றது. ஒவ்வொரு அடிக்கும் சத்தம் ஏறியது. காற்றாலை முனகல். மண்வெட்டி. இரும்பின் அலறல். அவள் அடுக்கிய அதே ஒழுங்கில், அவள் கட்டிய அதே தாளத்தில். அவளுடைய அல்பம். முழுதாய். ஒரு குறையும் இல்லாமல்.

விறாந்தையில் வேறு ஒன்றும் இல்லை. வெறும் சுவர். வெறும் தரை. பாய்மேல் அப்பா மட்டும் இருந்தார்.

மைக்கை இடப்பக்கம் திருப்பினாள். அமைதி. வலப்பக்கம். அமைதி. அப்பாவைப் பார்த்து நீட்டினாள்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

அப்பா சிரித்தார். வாயிலிருந்து வெண்புகை எழும்பி, அந்த மன்னார் வெக்கைக்குள் மெதுவாகக் கரைந்தது. புருவத்தில் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. உப்பு. உப்பு அல்ல.

“வா பிள்ளை. பயப்பிடாத.”

“அப்பா, எழும்புங்கோ. எடித் அன்ரி வீட்ட போவம். எழும்புங்கோ அப்பா.”

அரையிருட்டு. அவளுடைய வாய் அவருக்குத் தெரியாது.

“ஏன் போவான்?” என்றார். “எல்லாரும் இஞ்ச வந்திட்டினம்.”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். ஒன்று. அடுத்தது. நிதானமாய். கோயிலுக்குப் போய்வந்து உடுப்பு மாற்றுகிற மனிதரைப் போல. பிறகு அவளுடைய கையைப் பிடித்தார். அந்தக் கை மீன் சந்தையில் ஐஸுக்குள் கிடந்தது போலச் சில்லிட்டிருந்தது. இழுத்தாள். விடவில்லை. அவளுடைய உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

இதயம் துடிக்கவில்லை.

தட்டல் இருந்தது. இடப்பக்கம். வலப்பக்கம். வயிற்றுக்கு மேலே. தொண்டைக்குக் கீழே. எல்லா இடத்திலும். உள்ளேயிருந்து.

“கேக்குதே?” அப்பாவின் குரல் கனிந்திருந்தது. அவள் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது அவர் பேசிய குரல். “எவ்வளவு காலமாத் தட்டுதுகள். பாவங்கள். திறந்துவிடு பிள்ளை.”

அவள் மறுபடியும் கையை இழுத்தாள்; அவர் விடவில்லை. வேலிக்கு வெளியே கழுதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழங்காலை மடித்து மணலில் இருந்தன.

மங்கல் வெளிச்சத்தில், அவளுடைய விரல்களுக்குப் பக்கத்தில், அப்பாவின் நெஞ்சுத்தோல் அசைந்தது. உட்பக்கமிருந்து ஏதோ தோலைத் தள்ளியது. மெல்லமாய். பிறகு அழுத்தமாய். விலா எலும்புகளுக்கு நடுவே, ஒரு குழந்தையின் உள்ளங்கை எழும்பியது, ஐந்து விரலையும் விரித்தபடி.